உளவளத் துணையைத் தேர்ந்துகொள்ளல்



உடலிலே நோய் கண்டால் வைத்தியரை நாட நாம் தயங்குவதில்லை. இன்னார் கைராசிக்காரர், இன்னார் குழந்தைப் பிணிக்குக் கெட்டிக்காரர் என்று அயலாரிடம் விசாரித்தே புறப்படுகின்றோம். உள்ளத்திலே நோய் கண்டாலோ, விசாரிப்பதற்கு நா எழுவதில்லை. "நோய்க்கும் பார், பேய்க்கும் பார்" என்பது நம்மவர் வழக்கு. உளநோயை எதனோடு சேர்ப்பது என்றறியாது மறைத்து வைப்போரே பலர்.

இத்தயக்கத்தைக் குறைக்கும் வழியொன்று இன்று உண்டு. கைபேசியின் திரை வாயிலாக உளவளத்துணை பெறும் நிகழ்நிலை முறையே அது. மட்டக்களப்பிலிருக்கும் ஆசிரியை ஒருவர் கொழும்பிலுள்ள துணையாளரோடு தம் வீட்டிலிருந்தே உரையாடலாம். மருத்துவமனை வாசலிலே தெரிந்தவர் கண்ணிற் படுவோமோ என்னும் அச்சம் அங்கில்லை. மனச்சோர்வு, பதகளிப்பு ஆகியவற்றுக்குக் காணொளி வாயிலாக அளிக்கப்படும் உளச்சிகிச்சை, நேரில் அளிக்கப்படுவதைப் போன்றே பயன் தரக்கூடும் என்று ஆய்வுகள் பல காட்டியுள்ளன. ஆகவே, திரையா நேரா என்பதைக் காட்டிலும், யாரிடம் என்பதே பெரிய வினா.

ஏன் பெரிய வினா? நெடுநாள் அடக்கி வைத்த துயரை ஒருவர் முதன்முறை சொல்லும்போது, கேட்பவர் ஏளனமோ அவசரமோ காட்டினால், அவர் மறுமுறை வாய் திறக்க ஆண்டுகள் பல செல்லலாம். சிலர் திறப்பதேயில்லை.

முதலில் யார் எவர் என்பதை அறிதல் வேண்டும். உளமருத்துவர் என்பவர் மருத்துவம் கற்று, இலங்கை மருத்துவ சபையிற் பதிவு பெற்றவர்; மருந்து எழுதித் தரக்கூடியவர் அவரே. உளவியலாளரும் உளவளத்துணையாளரும் உரையாடலாலும் பயிற்சியாலும் உதவுவோர். திரையிலே தம் பெயரோடு எப்பட்டத்தையும் எவரும் எழுதிக்கொள்ளலாம். ஆதலால், "எங்கே பயின்றீர்கள்? எத்தனை காலம்? என் போன்ற துன்பமுடையோருக்கு உதவிய அனுபவம் உண்டா? உங்கள் பணியை மேற்பார்வை செய்பவர் உளரா?" என்று கேளுங்கள். இது மரியாதைக் குறைவன்று. காணி வாங்குமுன் உறுதியைப் பார்க்கின்ற நாம், உள்ளத்தைத் திறந்து வைக்குமுன் இவ்வளவேனும் பார்க்கலாகாதா? நல்ல துணையாளர் முகங்கோணாது விடை சொல்வார். முகங்கோணினால், அதுவே ஒரு விடைதான்.

அடுத்தது இரகசியம். பின்லாந்து நாட்டிலே உளச்சிகிச்சை நிறுவனமொன்றின் குறிப்புகள் கணினித் திருடராற் கவரப்பட்ட செய்தி 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. நிறுவனத்திடம் மட்டுமன்றி, சிகிச்சை பெற்றோரிடமும் பணங்கேட்டு மிரட்டினர். பாதிக்கப்பட்டோர் பல்லாயிரவர். ஆகவே, உரையாடல் பதிவு செய்யப்படுமா, குறிப்புகளை வைத்திருப்பவர் யார், எச்சந்தர்ப்பத்தில் அவை பிறருக்குத் தெரிவிக்கப்படும் என்று முன்னரே கேட்டறிக. உயிருக்கு ஆபத்து நேருமிடத்து இரகசியத்தை மீற நேரிடும் என்பதை நேர்மையான துணையாளர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்.

நம் பக்கத்திலும் காவல் வேண்டும். காதிற் பொருத்தும் கருவி மற்றவர் குரலைத்தான் மறைக்கும். நம் குரலை மறைக்காது. வீட்டார் வெளியே சென்றிருக்கும் வேளையைத் தேர்ந்துகொள்ளலாம். தோட்டத்து லயன் அறையில் வாழ்வோர்க்கு அதுவும் அரிது. எழுத்து மூலம் உரையாட இடமுண்டா என்று அத்தகையோர் கேட்டுப் பார்க்கலாம்.

மொழியையும் மறத்தலாகாது. ஆங்கிலத்திற் கற்றுச் சிங்களத்திற் பணிபுரிபவரும் அழுவது தாய்மொழியிலேயே. "நெஞ்சு அடைக்குது" என்றால், அது மார்பு நோயாகவும் இருக்கலாம், பிரிவுத் துயராகவும் இருக்கலாம் என்று விளங்கிக்கொள்பவர் வேண்டும். எனினும், தம் ஊரவர் ஒருவரிடம் பேசக் கூசுவோரும் உளர். அவர்கள் தூரத்தேயுள்ள ஒருவரைத் தேர்வதிலே குற்றமில்லை.

இவையெல்லாம் சரியாயிருந்தும் மனம் ஒட்டாமற் போகலாம். அதனை எங்ஙனம் அறிவது? அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979ஆம் ஆண்டிலே, துணை தேடுவோருக்கும் துணையாளருக்கும் இடையிலுள்ள உறவை மூன்று கூறாக வகுத்தார். எதை நோக்கிச் செல்கின்றோம் என்பதில் உடன்பாடு. எவ்வழியாற் செல்வது என்பதில் உடன்பாடு. இருவருக்குமிடையே நம்பிக்கைப் பிணைப்பு. மூன்று நான்கு அமர்வுகள் சென்றபின், இம்மூன்றும் உண்டா என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மருந்து கசப்பதும் வைத்தியர் பிழையாயிருப்பதும் ஒன்றல்ல. பழைய புண்ணைத் தொடும்போது நோகத்தான் செய்யும். நோகின்றது என்பதை அவரிடம் சொல்ல முடிகின்றதா, சொன்னால் அவர் செவிமடுக்கின்றாரா என்பதே உரைகல். முடியவில்லையெனில், நன்றி கூறி வேறொருவரை நாடுங்கள். அது நன்றிகேடாகாது. இத்தனை நாளிற் குணப்படுத்துவேன் என்று வாக்குறுதி அளிப்பவரையும், உளமருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் துணையாளரையும் உடனே விட்டு விலகுங்கள்.

இறுதியாக ஒன்று. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தவர், துணையாளரைத் தேர்ந்தெடுக்கும்வரை காத்திருத்தல் ஆகாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணை அழையுங்கள். உயிராபத்து நேர்ந்துவிட்டால், 1990 என்னும் எண்ணில் நோயாளர் காவுவண்டியை வரவழையுங்கள். அத்தகைய ஒருவர் உங்கள் வீட்டில் இருப்பின், அவரைத் தனியே விடாது அருகிருந்து, நீங்களே அழையுங்கள்.