மன்னிக்கப்பட்டவர் மன்னிப்பார்



கோவை பெரிய கடைவீதியிலுள்ள தூய மிக்கேல் பேராலயத்திலும், கொங்கு நாட்டுச் சிற்றூர்த் தேவாலயங்களிலும் அன்றாடம் ஒலிக்கும் இயேசு கற்பித்த ஜெபம், இறைவனிடம் மன்னிப்பை யாசிக்கும்போதே, பிறரை நாம் மன்னிப்பதையும் அத்துடன் பிணைத்துவிடுகிறது. பதினாயிரம் தாலந்து கடன் தள்ளுபடி பெற்ற ஊழியன், வெறும் நூறு தெனாரியத்துக்காகத் தன் தோழனைச் சிறையிலிட்ட உவமையும் இதையே போதிக்கிறது.

இப்போதனைக்கு நம் காலத்தில் ஜீவசாட்சியாக விளங்கியவர் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையார். ஒடிசாவின் பாரிபாடாவில் தொழுநோயாளர்க்குத் தொண்டாற்றிய அவர் கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸும், நமக்கு அண்மையிலுள்ள உதகையில் பயின்றுவந்த பத்து வயது பிலிப், ஆறு வயது தீமோத்தேயு ஆகிய புதல்வர் இருவரும், 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில், வாகனத்தினுள் உறங்குகையில் எரித்துக் கொல்லப்பட்டனர். எனினும் அந்த அம்மையார், கிறிஸ்துவினால் தாம் மன்னிக்கப்பட்டவர் என்ற விசுவாசத்தினால், கொலையாளிகளை மன்னித்ததாக அறிவித்தார். தண்டனையைச் சட்டத்தின் பொறுப்பில் விட்டு, துவேஷத்தைத் தம் இதயத்தினின்று அகற்றி, தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். 2005-இல் பாரத அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அத்தகைய பெருங்கொடுமையையே ஒருவரால் மன்னிக்க இயலுமாயின், வரப்புத் தகராறுக்காகவும், கிணற்றுத் தண்ணீர் முறைக்காகவும் ஆண்டுக்கணக்கில் பேச்சற்றிருக்கும் பங்காளிகள் ஒருவரையொருவர் மன்னிக்கலாகாதா? அன்பர்களே, இன்றே உங்கள் பங்காளியின் வீட்டு வாசலுக்குச் சென்று, முதலில் நீங்களே பேசுங்கள்.