ஒழுகும் இடத்தை அறிந்து செலவிடுவோம்

(பருவமழைக்கு முன் மீஞ்சூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையை நாம் மறக்கவில்லை. தெருவில் நின்ற நீர் வடிந்துவிடும். தளத்துக்குள் இறங்கிய நீர் அப்படி வடியாது. அது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி பருத்து, சிமெண்ட் பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். கடலோரத்து உப்புக்காற்று இதை இன்னும் வேகப்படுத்தும். அந்தத் தளத்தின் கீழேதான் நம் பிள்ளைகள் ஓதுகிறார்கள்.

ஒழுகல் என்றதும் மாடி முழுவதும் மறுபடி வாட்டர் புரூஃபிங் போடுவதே நம் வழக்கம். ஆனால் சொட்டும் இடம் வேறு, ஓட்டை வேறு. ஷீட்டுக்கு அடியில் நீர் பல அடி தூரம் ஓடி, விரிசல் கண்ட இடத்தில் சொட்டும். ஊசிமுனை அளவு ஓட்டையைக் கண்ணால் தேடிப் பிடிப்பது கடினம்.

மின்சாரம் அதைக் கண்டுபிடித்துத் தரும். தார் ஷீட், பிளாஸ்டிக் ஷீட் போன்றவை மின்சாரத்தைக் கடத்தாது; ஈரமும் கான்கிரீட்டும் கடத்தும். தளத்தை நனைத்து, சுற்றிலும் ஒரு கம்பியை விரித்து, கருவியின் ஒரு முனையை அதிலும் மறுமுனையைத் தளத்தின் இரும்புக் கம்பியிலும் இணைப்பார்கள். குறைந்த மின்னழுத்தம்தான். ஓட்டை உள்ள இடத்தில் மட்டும் மின்னோட்டம் கீழே இறங்கும். அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை மீட்டர் காட்டும். காய்ந்த தளத்தில் உயர் மின்னழுத்தம் உள்ள உலோகத் துடைப்பத்தால் பெருக்கிப் பார்ப்பது இன்னொரு முறை. ஓட்டை வந்தால் பொறி தட்டும், கருவி ஒலிக்கும். இது பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. இம்முறைகளுக்கு அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு டி 7877 என்ற வழிகாட்டியே வெளியிட்டுள்ளது.

எல்லாத் தளத்துக்கும் இது பொருந்தாது. அலுமினியத் தகடு ஒட்டிய ஷீட்டும் கரி கலந்த கறுப்பு ரப்பர் ஷீட்டும் தாமே மின்சாரத்தைக் கடத்துவதால் அவற்றில் சோதிக்க முடியாது. தட்டோடு பதித்த பிறகு துடைப்ப முறை உதவாது.

ஆகவே பள்ளிவாசல், மதரஸா போன்ற பெரிய தளங்களில் ஷீட் ஒட்டியதும், தட்டோடு பதிக்கும் முன்பே, இந்தச் சோதனையைச் செய்து தர வேண்டும் என்று கான்ட்ராக்டரிடம் எழுதி வாங்குவோம். சிறு வீடுகளில் வடிகுழாயை அடைத்து, பகுதி பகுதியாக நீர் தேக்கி, 24 மணி நேரமாவது கவனிப்போம். 1,000 சதுர அடியில் ஓர் அங்குல நீர் நின்றாலே எடை 2 டன்னைத் தாண்டும். கம்பி வெளியே தெரியும் பழைய தளத்தில் பொறியாளரைக் கேட்காமல் நீர் தேக்க வேண்டாம்.

மக்கள் தரும் ஸதகா நம்மிடம் அமானத். ஓட்டை எங்கே என்று தெரியாமல் தளம் முழுவதும் பூசுவது வீண்விரயம். அதில் மிச்சமாகும் பணம் இன்னொரு ஏழை வீட்டின் ஒழுகலை அடைக்கும். அதற்கு அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.