கறுப்பும் சிவப்பும்
(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



தொழில் அனுபவத்தைப் பேசச் சொன்னாங்க. நான் ஒரு பானையைப் பற்றிப் பேசப் போறேன், பொறுத்துக்கணும்.

பழைய கிரேக்கத்தில், ஏதென்ஸ் குயவர்கள் சிவப்பு மண்ணில் கறுப்பு உருவங்கள் தீட்டினார்கள். கி.மு. 530 வாக்கில் அதைத் தலைகீழாக்கி, பின்புலம் கறுப்பு, உருவம் சிவப்பு என்று மாற்றினார்கள். கறுப்புச் சாயம் என்று தனியே எதுவும் கிடையாது. இரும்புச்சத்துள்ள களிமண் குழம்புதான். சூளையில் முதலில் காற்று விடுவார்கள், பிறகு அடைப்பார்கள், மறுபடி திறப்பார்கள். குழம்பு பூசிய இடம் கறுப்பாகவே நின்றுவிடும், மற்ற இடம் சிவக்கும். நம்ம மெட்டலர்ஜி வகுப்பில் படித்த அதே ஆக்சிஜன் கணக்குதான்!

அதே கணக்கு நம்ம ஊர்க் குயவருக்கும் தெரியும். பானையைக் கவிழ்த்துச் சுட்டார்கள். உள்ளே காற்றுப் போகாமல் கரியேறிக் கறுப்பு, வெளியே காற்றுப் பட்டுச் சிவப்பு. இதுதான் கறுப்பு-சிவப்புப் பானை. கிரேக்கர் மாதிரி குதிரையும் வீரனும் வரையவில்லை, கீறல் குறிகள் போட்டார்கள். கொங்கு நாட்டுக் கொடுமணலில் வெள்ளைக் கோடு தீட்டிய பானைகளும் உண்டு.

இதெல்லாம் எனக்கு அப்போ தெரியாது. 1998-ல் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மனை சமன்படுத்தும் வேலை. நான் புது சைட் இன்ஜினியர். ஜேசிபி வாளியில் ஓடுகள் வந்தன. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, கையில் வழவழன்னு இருந்தது. மேஸ்திரி, "பழைய பொணத்துச் சட்டி சார், தொடாதீங்க"ன்னார். மூணு நாளில் இடத்தை ஒப்படைக்கணும். டிப்பரில் ஏற்றிப் பள்ளத்தில் கொட்டச் சொன்னது நான்தான். நாலு லோடு. ஒரு துண்டுகூட எடுத்து வைக்கலை.

2022-ல் ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. கல் கருவிகளோடு ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்ததாகப் பத்திரிகையில் படித்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரலை. அந்த நாலு லோடில் என்ன இருந்ததோ! அந்த இடத்து மேல இப்போ கான்கிரீட் தளம்.

மாணவர்களே, உங்களில் பாதிப் பேர் இதே ரோட்டில்தான் வேலைக்குப் போவீங்க. குழியில் அப்படி ஓடு வந்தால் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுங்க, தாசில்தாருக்குச் சொல்லுங்க. அடையாளம் தெரியணும்னா எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்க. அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் எடுத்த பானைகள் அங்கே இருக்கு. 27-டி பஸ்ஸெல்லாம் தேடாதீங்க, எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கினா நடக்கிற தூரம்தான்.