பகலிற் காணாத பக்கி

அந்தி மயங்கும் வேளையிற் பனங்கூடல்களுக்கும் பற்றைக் காடுகளுக்கும் இடைப்பட்ட வெளிகளிலிருந்து ஓர் ஒலி எழுவதை உலர் வலயத்து மக்கள் பலர் கேட்டிருப்பர். 'சக், சக், சக்' என்று தொடங்கி, வரவர விரைந்து, ஈற்றில் 'உர்ர்ர்' என்று அது அடங்கும். சிறுவர் விளையாடும் போளையொன்று சீமெந்துத் தரையில் விழுந்து, துள்ளித் துள்ளி ஓய்வது போன்ற ஒலி அது. கேட்டவர் பலராயினும், அதனை எழுப்பும் பறவையைப் பகலிற் கண்டவர் மிகச் சிலரே. அப்பறவையே பக்கி. சிங்கள மக்கள் இதனைப் 'பிம்பஸ்ஸா', அதாவது நில ஆந்தை, என்பர். ஆயினும் இஃது ஆந்தைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

இலங்கையில் மூவகைப் பக்கிகள் வாழ்கின்றன. அவற்றுட் சிறியது இது. ஏறக்குறைய 24 சென்ரிமீற்றர் நீளம். மைனாவின் பருமன் எனலாம். சாம்பலும் கபிலமும் கருமையும் மங்கிய மஞ்சளும் கோடுகளாயும் புள்ளிகளாயும் விரவிய அதன் இறகுகளைச் சருகுகளினின்றும் பிரித்தறிவது எளிதன்று. பகல் முழுவதும் அது நிலத்தோடு நிலமாக ஒட்டிக் கிடக்கும். பெரிய கண்கள் காட்டிக்கொடுத்துவிடும் என்பதனாற் போலும், இமைகளையும் கீற்றளவாகச் சுருக்கிக்கொள்ளும். காலடி மிக அண்மையில் வரும்வரை அசையாது. அசையாமையே அதற்குக் காவல்.

இரவு வந்ததும் அதன் இயல்பு முற்றாக மாறும். சத்தமின்றிப் பறந்து விட்டிலையும் வண்டையும் வாயிற் பிடித்துண்ணும். அலகு மிகச் சிறிது. வாயோ வியக்கத்தக்க அகலமுடையது. வாயோரங்களில் விறைத்த மயிர்கள் உள. நடுவிரல் நகம் சீப்புப் போற் பற்கள் கொண்டது. இறகு கோதுவதற்கு அஃது உதவுமென்பர்.

பக்கி கூடு கட்டுவதில்லை. வெறுநிலத்திலேயே இரு முட்டைகளை இடும். வெளிர் செந்நிறத்தில் மறுக்கள் படிந்த அம்முட்டைகளும் மண்ணோடு மண்ணாகவே தோன்றும்.

இத்தகைய பறவையின்மீது பழியொன்று நெடுங்காலம் சுமத்தப்பட்டிருந்தது. இரவில் ஆட்டின் மடியில் வாய்வைத்துப் பால் குடிக்கும் என்றும், அதனால் ஆடு குருடாகும் என்றும் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டிலே எழுதிவைத்தார். மந்தையைச் சுற்றிப் பூச்சிகள் மொய்க்கும். அவற்றைத் தேடியே பறவை வந்தது. பேரறிஞரும் செவிவழிச் செய்தியை நம்பிவிடுவதுண்டு போலும்! பின்னர், 1758ஆம் ஆண்டில் லின்னேயசு வகுத்த விலங்குப் பட்டியலிலும் 'ஆட்டுப்பால் கறப்பது' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரே இவ்வினத்துக்குச் சூட்டப்பட்டது. இன்றும் அப்பெயர் மாறவில்லை.

பழியினும் கொடியது வீதி. இரவில் வெளியான வீதிகளில் அமர்ந்து, எழுந்து பூச்சி பிடித்து, மீண்டும் அங்கேயே வந்தமர்வது பக்கியின் வழக்கம். மோட்டார் வாகனத்தின் விளக்கொளி படும்போது அதன் கண்கள் மாணிக்கம் போற் சிவந்து ஒளிரும். ஒளி கண்ணைக் கூசச் செய்யும். அதுவோ பகலிற் பழகியவாறு அசையாது இருந்துவிடும். பருந்தையும் நரியையும் ஏமாற்றிய உபாயம் சக்கரத்தின்முன் பயன்படுவதில்லை. மன்னார், வன்னிப் பகுதிகளில் இரவில் வாகனம் செலுத்துவோர் வீதியில் இரு செம்பொறிகளைக் காணின், வேகத்தைக் குறைத்து விளக்கைச் சற்றுத் தாழ்த்துவாராயின், பறவை எழுந்து பறக்கச் சில கணங்கள் கிடைக்கும்.