கரிகாலன் கொலை: ஒரு நிலப் பத்திரம் சொல்வது
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு ஆதித்த கரிகாலன் கொலை தெரியும். ஆனால் கல்லில் இருக்கும் சாட்சி கொலை வழக்குத் தீர்ப்பு அல்ல, ஒரு சொத்து ஆவணம்! பேங்கில் காலமெல்லாம் அடமானப் பத்திரம் பார்த்தவனுக்கு இதில் தனி ருசி.

காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில் இருக்கிறது அந்தக் கல்வெட்டு. முதலாம் ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் ஆகியோரைச் சொல்கிறது. அவர்கள் சொத்து மட்டுமல்ல, உறவினர் சொத்தும் பறிமுதல். சபையார் விற்ற அந்த நிலத்தை ஒருவர் வாங்கிக் கோயில் தர்மத்துக்கு எழுதிவைத்தார். அதனால்தான் இந்தப் பெயர்களே நமக்குக் கிடைத்தன.

ரவிதாஸனும் பரமேஸ்வரனும் 'பிரம்மாதிராஜன்' பட்டம் பெற்றவர்கள். அது பிராமண உயர் அதிகாரிகளுக்கு அரசர் கொடுப்பது. வெளியாள் வேலை இல்லை, பாருங்கள்.

இடையில் ஆண்ட உத்தம சோழர் காலத்தில் நடவடிக்கை எடுத்ததாகக் கல்வெட்டு எதுவும் இல்லை. அதனால் நீலகண்ட சாஸ்திரியார் அவரையே சந்தேகித்தார். எனக்கு அது ஒப்பவில்லை. உத்தம சோழரின் மகன் என்று கருதப்படும் மதுராந்தகன் கண்டராதித்தன், ராஜராஜனிடம் கோயில் கணக்குகளைத் தணிக்கை செய்யும் உயர் பதவியில் இருந்தார். அண்ணனைக் கொன்றவர் பிள்ளையை நம்பி யாராவது கணக்கை ஒப்படைப்பார்களா?