நரையும் சாயமும்

(வல்லத்தில் ஜமாஅத்தார் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தலைப்பை அறிவித்தவுடன் முன்வரிசையில் சிலர் தொப்பியைச் சரிசெய்து கொண்டதைக் கண்டேன். அஞ்ச வேண்டாம், முதல் குற்றவாளி நானே. நாற்பத்திரண்டாம் வயதில், வளைகுடா வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் சென்னை புறப்படுமுன் தலைக்குச் சாயம் பூசினேன். வேலை கிடைத்தது. கிடைத்தது சாயத்தாலா, பதினைந்தாண்டு அனுபவத்தாலா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் அதன்பின் எட்டாண்டுகள் அதை விட முடியவில்லை. மூன்று வாரம் தவறினால் வேரில் வெள்ளை தெரியும். பார்ப்போரெல்லாம் நம் வகிட்டையே பார்ப்பதாகத் தோன்றும்.

ஒரு ரமளானின் இறுதி நாளில் வழக்கம் போலப் பூசினேன். இரவில் அரிப்பு. விடியும்போது முகம் வீங்கி, இமைகள் ஒட்டிக்கொண்டன. பெருநாள் தக்பீர் முழக்கம் வீட்டிற்குள் கேட்டது. நான் கண் திறக்க இயலாமல் கட்டிலில் கிடந்தேன்.

தோல் மருத்துவர் விளக்கியதைச் சொல்கிறேன். கறுப்புச் சாயங்கள் பெரும்பாலானவற்றில் பாராஃபினைலீன்டையமின், சுருக்கமாக பி.பி.டி., என்னும் இரசாயனம் உள்ளது. எட்டாண்டு ஒன்றும் ஆகவில்லையே என்பது வாதமாகாது. ஒவ்வாமை எத்தனையாவது முறையிலும் தோன்றலாம்; ஒருமுறை தோன்றிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் பூசும் கலவையில் இது 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தோலில் பூசவோ அனுமதியே இல்லை. நாமோ திருமண வீடுகளில் ‘கறுப்பு மருதாணி’ என்று குழந்தைகளின் கைகளில் இதையே பூச விடுகிறோம். மருதாணி இலை செம்மஞ்சளோ செம்பழுப்போதான் தரும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று கறுக்கிறதென்றால் அதில் வேறேதோ கலந்திருக்கிறது. அந்தக் குழந்தைக்குப் பிற்காலத்தில் தலைச்சாயம் கடும் தீங்கு செய்யக்கூடும். சாயப் புட்டி வயிற்றுக்குள் போனாலோ கழுத்து வீங்கி மூச்சடைக்கும், சிறுநீரகம் செயலிழக்கும். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். பூசியே தீருவேன் என்போர் காதின் பின்புறம் ஒரு துளி தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

மார்க்கம் நரையை மாற்றவே கூடாதென்று சொல்லவில்லை. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களின் தந்தை அபூ குஹாஃபா (ரலி) அவர்கள் பஞ்சுபோல் வெளுத்த தலையுடன் அழைத்து வரப்பட்டார்கள். அதை மாற்றுமாறும், கறுப்பைத் தவிர்க்குமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. மருதாணியையும் கதம் என்னும் செடியையும் சிறந்தவையெனக் கூறினார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் அவ்விரண்டையுமே பூசி வந்தார்கள். கறுப்பு குறித்து, ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஹராம் என்றார்கள். ஹனஃபி அறிஞர்களில் பெரும்பாலோர் மக்ரூஹ் என்பர். இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் அனுமதித்ததாகவும் கருத்துண்டு. இக்கருத்து வேறுபாட்டை வைத்துப் பள்ளிவாசல் திண்ணையில் சண்டையிடுவது எனக்கு உடன்பாடில்லை.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு நிகழ்ச்சியை எடுத்தெழுதியுள்ளார்கள். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஒருவர் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு மணமுடித்தார். சாயம் வெளுத்து நரை வெளிப்பட்டதும் பெண் வீட்டார் முறையிட்டனர். உமர் (ரலி) அவர்கள் அந்த நிகாஹை ரத்துச் செய்து, அவருக்கு அடியும் கொடுத்தார்கள். இன்று மறுமணத்திற்குப் பெண் கேட்டு வருவோரில் சிலர் ஐம்பதை நாற்பதென்று சொல்கின்றனர். தலையும் அதற்குச் சாட்சி சொல்கிறது. அந்தப் பெண் விதவையாகவோ ஏழை வீட்டுப் பிள்ளையாகவோ இருப்பாள். துருவிக் கேட்க ஆளிருக்காது. நிகாஹ் பதிவேட்டில் எழுதுமுன் வயதுச் சான்றைக் கேட்டுப் பார்க்குமாறு நிர்வாகத்தாரை வேண்டுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மனைவிக்கு அழகாகத் தோன்ற விரும்புவோருக்கு வழி நம் மண்ணிலேயே இருக்கிறது. அவுரி பயிரிட்டு நீலம் எடுத்த மாவட்டம் பழைய தென்னார்க்காடு. திண்டிவனம் பக்கம் அத்தொழில் முற்றிலும் அழிந்துவிடவில்லை. முதலில் மருதாணி இலைப்பொடி பூசி அலசி, பிறகு அவுரிப் பொடியைப் பூசினால் கரும்பழுப்பு நிறம் வரும். பாதி நாள் பிடிக்கும், பொறுமை வேண்டும். பொட்டலத்தில் இலைப்பொடி மட்டுமே உள்ளதா என்று படித்து வாங்குங்கள்; ‘மூலிகைச் சாயம்’ எனப் பெயரிட்ட சிலவற்றிலும் பி.பி.டி. உண்டு.

நான் இப்போது தலையை அப்படியே விட்டுவிட்டேன். தாடிக்கு மட்டும் மருதாணி. பாஸ்போர்ட்டில் இன்னும் கறுப்பு முடியுடன்தான் இருக்கிறேன். சென்ற பயணத்தில் விமான நிலைய அதிகாரி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “வயதாகிவிட்டது சார்” என்றேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.