ஓட்டப் பந்தயத்தில் பெண்டிர்

பண்டைக் கிரேக்கத்தின் ஒலிம்பியாத் திடலில் ஆடவர் பந்தயங்களில் பெண்டிர்க்கு இடமில்லை. ஆயினும் அதே திடலில், ஹீரா தேவியின் விழாவின்போது மணமாகாத கன்னியர் ஓடினர். அவர்கட்கென ஓடுதளத்தின் நீளம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. வென்றவர் ஒலிவ முடி சூடினர் என்று பௌசேனியாஸ் என்னும் பயண நூலாசிரியர் எழுதியுள்ளார்.

புதிய ஒலிம்பிக் விழா 1896இல் தொடங்கிற்று. அதன் ஓட்டப் பந்தயங்களில் பெண்டிர்க்கு வாயில் திறந்ததோ 1928இல்தான்.

இவ்வரலாற்றில் நமது மும்பைக்கும் பங்குண்டு. 1951இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுக்களில் இந்நகரின் ரோஷன் மிஸ்திரி 100 மீட்டரில் வெள்ளியும், மேரி டிசௌஸா 200 மீட்டரில் வெண்கலமும் பெற்றனர். மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற்கு மேரி தேர்வு பெற்றார். ஆனால் பயணச் செலவிற்குப் பணமில்லை. நண்பர்கள் நடன நிகழ்ச்சியும் சீட்டாட்டமும் நடத்திப் பொருள் திரட்டினர். அவ்வாறு சென்ற மேரியும், வங்கத்து நீலிமா கோஷும் ஒலிம்பிக் ஓட்டங்களில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண்டிராயினர். இருவரும் முதற் சுற்றைக் கடக்கவில்லை. எனினும் 1954இல் மணிலாவில், மேரி இடம்பெற்ற நால்வர் அணி தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்றது.

நேயர்களே, அன்று நண்பர்கள் கைவிட்டிருந்தால் அத்தங்கத்திற்கு வழி ஏது? தாராவியிலோ, மாதுங்காவிலோ, செம்பூரிலோ நம் வீட்டுப் பெண் ஓட விரும்பினால், அவள் கால்களின் வலிமையை ஐயுறுமுன், அவளுக்குத் திடலும் வழிச்செலவும் உண்டா என்று நாம் கேட்போமாக.